மின்சார அதிவேக ரயில்: எதற்காகக் கட்டுகிறார்கள்?

அதிவேக ரயிலைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று கேள்விகள் தவறாமல் வந்து விழும். "பழைய தண்டவாளத்திலேயே வேகமான இன்ஜினை ஓட்டினால் போதாதா?" என்பது ஒன்று. "விமானம் இருக்கும்போது இதற்கு எதற்கு இவ்வளவு செலவு?" என்பது இரண்டாவது. "சிலர் அரை மணி நேரம் மிச்சம் பிடிக்க எல்லோருடைய வரிப்பணத்தையும் கொட்டுவதா?" என்பது மூன்றாவது. ஆதரிப்பவர்கள் பதிலுக்கு 320, 350, 400 என்று எண்களை அடுக்கி வாதத்தை முடித்துவிடுகிறார்கள். இரு தரப்பின் கண்ணும் வேகமானியின் மேலேயே இருக்கிறது.

இப்படியொரு பாதையைக் கட்டுவதற்கான வலுவான காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. தடத்தின் கொள்ளளவு, மின்சாரத்தின் வலிமை, வாசலிலிருந்து வாசல்வரை ஆகும் மொத்த நேரம் ஆகிய மூன்றும் புரிந்தால், எந்தத் திட்டம் நியாயமானது, எது வீண் என்று நாமே கணித்துவிடலாம்.

## எது அதிவேக ரயில்?

சர்வதேச ரயில்வே ஒன்றியத்தின் வரையறைப்படி, புதிதாகப் போட்ட பாதையில் மணிக்கு 250 கி.மீ. அல்லது அதற்கு மேல் ஓடினால் அதிவேகம். மேம்படுத்திய பழைய பாதை என்றால் 200 கி.மீ. அளவே போதும். உலகின் முதல் அதிவேகப் பாதை 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே திறந்த டொக்கைடோ ஷின்கான்சென். 515 கி.மீ. நீளம், அன்றைய உச்ச வேகம் 210.

வண்டியைச் செய்வது இதில் எளிதான பாதி. கடினமான பாதி தரையில் கிடக்கிறது. வளைவில் திரும்பும் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் மூன்று மடங்கானால், அதே தள்ளலோடு திரும்ப வளைவின் ஆரம் ஒன்பது மடங்கு வேண்டும். வெளிப்பக்கத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்திப் போட்டு இந்தத் தள்ளலைக் குறைக்கலாம். ஆனால் வளைவில் வண்டி நிற்க நேர்ந்தால் பயணிகள் உள்பக்கம் சரிவார்கள் என்பதால், சுமார் 18 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்துவதில்லை. ஆகவே 300 கி.மீ. வேகப் பாதைகளில் வளைவின் ஆரம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். சீனாவின் 350 கி.மீ. பாதைகளில் 7 கிலோமீட்டர்.

ஆற்றங்கரையை ஒட்டியும் மலையடிவாரத்தைச் சுற்றியும் நூறாண்டுக்கு முன் போட்ட பாதையில் இப்படிப்பட்ட வளைவுகள் கிடைக்காது. லெவல் கிராசிங்கும் கூடவே கூடாது. 300 கி.மீ. வேகத்தில் ஓடும் ரயில் பிரேக் போட்டபின் நிற்க மூன்று கிலோமீட்டருக்கும் மேல் எடுத்துக்கொள்ளும்; ஓட்டுநர் கண்ணில் ஒரு லாரி படும்போது காலம் கடந்திருக்கும். "பழைய பாதையில் புது இன்ஜின்" என்ற யோசனை 160, 200 கி.மீ. வரை பலன் தரும். அந்த மேம்பாடு மலிவானது, செய்ய வேண்டியதும்கூட. அதற்கு மேல் போக வேண்டுமானால் தனிப் பாதை தேவை.

## ஒரே தடத்தில் வேகமும் மெதுவும்

முந்திச் செல்ல இடமில்லாத ஒரு குறுகலான சந்து இருப்பதாக எண்ணிப் பாருங்கள். முன்னால் ஒருவர் தலைச்சுமையோடு நடந்து போகிறார். பின்னால் சைக்கிளில் வருபவர் என்னதான் மிதித்தாலும் நடப்பவரின் வேகத்தில்தான் போக முடியும். இல்லையென்றால், நடப்பவர் சந்தின் மறுமுனையை நெருங்கும்வரை வாயிலிலேயே காத்திருந்துவிட்டுப் பிறகு கிளம்ப வேண்டும். காத்திருக்கும் அந்த நேரமெல்லாம் சந்து காலியாகக் கிடக்கும்.

ரயில் தடத்தில் நடப்பதும் இதுவே. முந்த இடமில்லாத 120 கி.மீ. தடத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். 80 கி.மீ. வேகத்தில் போகும் சரக்கு ரயிலுக்கு 90 நிமிடம் ஆகும். 200 கி.மீ. வேகத்தில் போகும் விரைவு ரயிலுக்கு 36 நிமிடம். சரக்கு ரயில் கிளம்பி 54 நிமிடம் கழித்துத்தான் விரைவு ரயிலை விட முடியும். பாதுகாப்பு இடைவெளி தனி. எல்லா ரயில்களும் ஒரே வேகத்தில் 4 நிமிட இடைவெளியில் ஓடினால், அந்த 54 நிமிடத்தில் 13 ரயில்களை விட்டிருக்கலாம். இடையிடையே ஒதுங்கு தடங்கள் போட்டுச் சரக்கு ரயிலை நிறுத்தி வைத்தால் இழப்பு குறையும், தீராது. நிறுத்திய சரக்கு ரயில் மறுபடி வேகம் பிடிக்கவே பல நிமிடங்கள் போய்விடும்.

இங்கே வரும் சொல் கொள்ளளவு: ஒரு தடம் ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் எத்தனை ரயில்களைத் தாங்கும் என்பது. வேக வித்தியாசம் அதைத் தின்கிறது. விரைவு ரயில்களைத் தனிப் பாதைக்கு மாற்றினால் இரண்டு தடங்களும் வளம் பெறும். புதிய தடத்தில் எல்லாம் ஒரே வேகம் என்பதால் மணிக்கு 12 ரயில்களுக்கு மேலும் ஓட்டலாம். பழைய தடத்தில் சரக்கு ரயில்களுக்கும் சிறு ஊர்களில் நின்று போகும் ரயில்களுக்கும் நிறைய இடம் கிடைக்கும். அதிவேக ரயிலில் ஒருபோதும் ஏறாதவர்களுக்குக் கிடைக்கும் பலன் இது. திட்ட விவாதங்களில் இதை யாரும் சொல்லாமல் போவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

ஜப்பானும் பிரான்சும் இந்தக் காரணத்துக்காகவே கட்டின. 1950களில் டோக்கியோ-ஒசாகா பழைய பாதை நெரிசலில் திணறியது. 1970களில் பாரிஸ்-லியோன் பாதையிலும் அதே நிலைமை. கூடுதல் தடம் எப்படியும் போட வேண்டியிருந்தது. போடுவதை வேகத்துக்கு ஏற்றபடி போட்டார்கள்.

எவ்வளவு பேரைச் சுமக்கலாம்? மணிக்கு 12 ரயில், ரயிலுக்கு 1,000 இருக்கை என்றால் ஒரு திசையில் 12,000 பேர். டொக்கைடோவின் 16 பெட்டி ரயிலில் 1,323 இருக்கைகள் உண்டு. நெடுஞ்சாலையின் ஒரு தடம் மணிக்குச் சுமார் 2,000 வண்டிகளை விடும். வண்டிக்கு ஒன்றரை ஆள் என்றால் 3,000 பேர். ஒரு ரயில் தடத்துக்கு ஈடாக ஒரு திசையில் நான்கு சாலைத் தடங்கள் வேண்டும்.

சுருக்கமாக: அதிவேகப் பாதை என்பது முதலில் ஒரு கூடுதல் பாதை. பழைய பாதையில் அது விட்டுக்கொடுக்கும் இடத்தையும் கணக்கில் சேர்த்தால்தான் வரவு-செலவு முழுமையாகும்.

## ஏன் மின்சாரம்தான்?

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. வேகம் கூடியதும் எதிரியாவது காற்று. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும், அதை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பவும் கூடும். வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு. பிரான்சின் டிஜிவி ரயில் ஒன்றின் மோட்டார்கள் 8,800 கிலோவாட் வரை தரவல்லவை.

ஒரு டீசல் இன்ஜின் சுமார் 3,000 கிலோவாட் தரும். எடையோ 120 டன்னைத் தாண்டும். 8,800 கிலோவாட்டுக்கு இப்படி மூன்று இன்ஜின்களைக் கட்டி இழுத்தால் அவற்றின் எடையே ரயிலின் எடையை நெருங்கிவிடும். அதிவேகத்தில் எடைக்கு ஒரு கடுமையான எல்லை உண்டு: ஐரோப்பியப் பாதைகளில் அச்சு ஒன்றுக்கு 17 டன். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு சக்கரமும் தண்டவாளத்தைச் சம்மட்டியாய் அடித்துச் சிதைக்கும். பிரிட்டனின் இன்டர்சிட்டி 125 என்ற டீசல் ரயில் 1976 முதல் 200 கி.மீ. வேகத்தில் ஓடியது. டீசலின் நடைமுறை எல்லை ஏறக்குறைய அதுதான். டிஜிவியின் முதல் மாதிரி வண்டி, எண்ணெயை எரித்துச் சுழலும் வாயுச் சுழலியில் (கேஸ் டர்பைன்) ஓடியது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பிரான்ஸ் மின்சாரத்துக்கு மாறியது.

மின்சார ரயில் தன் மின்நிலையத்தைச் சுமப்பதில்லை. தடத்துக்கு மேலே ஓடும் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலான அதிவேகப் பாதைகளில் மின்னழுத்தம் 25,000 வோல்ட். ஏன் இவ்வளவு? 8,800 கிலோவாட்டை 1,500 வோல்ட்டில் தர முயன்றால் 5,900 ஆம்பியர் பாய வேண்டும். கம்பி தடித்துப்போகும், வெப்பத்தில் மின்சாரம் வீணாகும். 25,000 வோல்ட்டில் அதே வேலைக்கு 350 ஆம்பியர் போதும். துணைமின்நிலையங்களையும் பல பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் வைக்கலாம்.

வண்டியின் கூரையில் மடங்கி விரியும் கை ஒன்று இருக்கிறதே, அதன் பெயர் பேன்டோகிராஃப். கம்பியை அது கீழிருந்து மெல்ல அழுத்தியபடியே வழுக்கிக்கொண்டு போகும். எப்போதும் ஒரே இடத்தில் உரசினால் அதன் கரிப்பட்டையில் பள்ளம் விழும். அதனால் கம்பியைத் தடத்தின் நடுவிலிருந்து இரு பக்கமும் சுமார் 20 சென்டிமீட்டர் மாறிமாறி, வளைந்து வளைந்து போகும்படி கட்டுகிறார்கள்.

பேன்டோகிராஃப் அழுத்தும்போது கம்பியில் ஓர் அலை எழும்பி முன்னே ஓடும். ரயில் அந்த அலையை எட்டிப்பிடித்தால் கம்பி துள்ளும்; தொடர்பு விட்டுப் பொறி பறக்கும்; முடிவில் கம்பி அறுந்து அந்தத் தடமே மணிக்கணக்கில் முடங்கும். ஆகவே ரயிலின் வேகம் அலையின் வேகத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொறியாளர்களின் வழக்கமான வரம்பு. மீட்டருக்கு 1.35 கிலோ எடையுள்ள செப்புக் கம்பியைச் சுமார் இரண்டரை டன் விசையில் இழுத்துக் கட்டினால் அலை மணிக்கு 490 கி.மீ. வேகத்தில் ஓடும், அதில் 70 சதவீதம் 340க்குச் சற்று மேல். வெயிலில் கம்பி நீண்டு தளரும், குளிரில் சுருங்கி இறுகும் என்பதால், முனைகளில் கப்பியும் எடையும் தொங்கவிட்டு இழுவை மாறாமல் வைக்கிறார்கள். 2007 ஏப்ரல் 3 அன்று டிஜிவி 574.8 கி.மீ. வேகம் எட்டியது. அந்த ஓட்டத்துக்காகவே கம்பியின் இழுவையையும் மின்னழுத்தத்தையும் வழக்கத்தைவிடக் கூட்டியிருந்தார்கள்.

மின்சாரத்துக்கு இன்னொரு பெரிய வரவு, மீளாக்க பிரேக். வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பித் தரும். 400 டன் ரயில் 300 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 385 யூனிட். யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. அதில் கணிசமான பகுதியைத் திரும்பப் பெறலாம். டீசலில் அவ்வளவும் வெப்பமாகப் போய்விடும்.

கட்டுமானச் செலவிலும் இந்தத் திறன் கைகொடுக்கிறது. பயணிகள் ரயில் மட்டும் ஓடும் மின்சாரப் பாதையில் செங்குத்தான ஏற்றங்களை வைக்கலாம். பாரிஸ்-லியோன் பாதையில் 1,000 மீட்டருக்கு 35 மீட்டர்வரை ஏறும் இடங்கள் உண்டு. சரக்கு ரயிலுக்கு அது தாங்காது. பலன் என்ன? அந்தப் பாதையில் சுரங்கமே தோண்டவில்லை.

சுருக்கமாக: காற்றை வெல்லப் பெருந்திறன் வேண்டும், அதை எடை கூடாமல் தருவது மேல்நிலைக் கம்பி ஒன்றுதான்.

## விமானமும் ரயிலும்: நேரத்தை எங்கிருந்து எண்ணுவது?

விமானம் 800 கி.மீ. வேகத்தில் பறந்தாலும் பயணி அந்த வேகத்தில் போவதில்லை. நிலையத்துக்குப் போவது, சோதனை, காத்திருப்பு, இறங்கி நகருக்குள் வருவது என்று பறப்பதற்கு வெளியிலேயே இரண்டரை மூன்று மணி நேரம் கழிகிறது. ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவுக்கு ஓடும் ரயிலில் இந்தச் சுமை மிகக் குறைவு. அதனால்தான் ரயில் பயணம் மூன்று மணி நேரத்துக்குள் இருந்தால் பெரும்பாலோர் ரயிலைத் தேர்கிறார்கள். நான்கு மணியைத் தாண்டினால் விமானம் முந்துகிறது. தோராயமாக 200 முதல் 800 கி.மீ. தூரம் அதிவேக ரயிலின் சொந்தக் களம். அதற்குக் கீழே சாதாரண ரயிலும் பேருந்தும் போதும்.

மாட்ரிட்-பார்சிலோனா இதற்கு நல்ல சான்று. உலகின் மிக நெரிசலான உள்நாட்டு விமானத் தடங்களில் ஒன்றாக இருந்தது. 2008 பிப்ரவரியில் 621 கி.மீ. பாதை முழுமையடைந்து, இரண்டரை மணி நேரப் பயணம் சாத்தியமானதும் ரயில் பெரும்பங்கைப் பிடித்தது. 2021க்குப் பின் அதே தடத்தில் போட்டி நிறுவனங்களும் ரயில் விட, கட்டணம் இறங்கியது, பயணிகள் பெருகினார்கள்.

உச்ச வேகத்தின் மேல் மோகம் ஏன் தவறு என்பதை ஒரே கணக்கில் காட்டலாம். 280 கி.மீ. பாதையில் வேகத்தை 300லிருந்து 350க்கு உயர்த்தினால் 56 நிமிடம் 48 ஆகும். மிச்சம் 8 நிமிடம். அதற்குக் காற்றுத்தடை 36 சதவீதம் கூடுகிறது. மாறாக, நகருக்குள் நுழையும் வழியில் 60 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துபோகும் 10 கி.மீ. நெரிசல் பகுதியை 300க்குச் சீர்படுத்த முடிந்தால், 10 நிமிடம் 2 ஆகும். அதே 8 நிமிடம். 150 வரை சீர்படுத்தினாலே 6 நிமிடம் கிடைத்துவிடும். மெதுவான இடங்களைக் களைவதே முதல் வேலை.

நிறுத்தங்களும் விலை கேட்கும். 300லிருந்து நின்று, பயணிகளை ஏற்றி, மறுபடி 300 எட்டுவதற்குள் சுமார் 7 நிமிடம் போகும். எல்லா ஊர்களுக்கும் ஒரு நிறுத்தம் என்று ஒப்புக்கொண்டே வந்தால் அதிவேகப் பாதையில் சாதாரண ரயில்தான் ஓடும். ஷின்கான்சென் இதை வகைபிரித்துத் தீர்த்தது: சில ரயில்கள் பெருநகரங்களில் மட்டும் நிற்கும், சில எல்லா நிலையங்களிலும் நிற்கும், இடைநிலையங்களில் உள்ள பக்கத் தடங்களில் மெதுவானது ஒதுங்க, வேகமானது கடந்துபோகும்.

## பாதுகாப்பு எதில் இருக்கிறது?

300 கி.மீ. வேகத்தில் ரயில் ஒரு வினாடிக்கு 83 மீட்டர் கடக்கிறது. தடத்தோரச் சிக்னலின் நிறத்தை நம்பி ஓட்ட முடியாது. அனுமதிக்கப்பட்ட வேகம் ஓட்டுநர் அறைத் திரையிலேயே தெரியும். மீறினால் அமைப்பே பிரேக் போடும். டொக்கைடோ ஷின்கான்செனில் 1964 முதல் மோதலிலோ தடம்புரண்டோ ஒரு பயணிகூட இறந்ததில்லை.

விபத்து நடந்த இடங்களைப் பார்த்தால், அமைப்பில் ஓட்டை இருந்த இடமாக அது இருப்பதைக் காணலாம். ஜெர்மனியின் எஷெடேயில் 1998ல் 101 பேர் இறந்தார்கள். ரப்பர் அடுக்கு வைத்த சக்கரத்தின் வெளிவளையம், ஓயாத அழுத்தத்தில் உலோகம் சோர்ந்து விழுந்த விரிசலால் உடைந்ததே தொடக்கம். சீனாவின் வென்ஜோ அருகே 2011ல் 40 பேர் பலியானார்கள். மின்னல் தாக்கிப் பழுதான சிக்னல் கருவி, முன்னே ரயில் நிற்கும் தடத்தைக் காலி என்று காட்டியது. ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலாவில் 2013ல், 80 கி.மீ. வேகத்துக்கான வளைவில் ரயில் 179ல் நுழைந்தது. வேகத்தைத் தொடர்ந்து கண்காணிக்கும் அமைப்பு அந்த இடத்துக்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. செலவைக் குறைக்கச் சிக்னல் அமைப்பைப் பாதியில் நிறுத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

## திட்டங்கள் எங்கே சறுக்குகின்றன?

செலவு மதிப்பீட்டில்தான் முதல் சறுக்கல். முதல் ஷின்கான்செனே மதிப்பிட்டதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு செலவு வைத்தது. அதைக் கட்டிய ஜப்பான் தேசிய ரயில்வேயின் தலைவர் சோகோ ஷின்ஜியும் தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிதேயோவும் 1963லேயே பதவி விலக நேர்ந்தது. சுரங்கமும் மேம்பாலமும் தரையில் போடும் பாதையைவிடப் பன்மடங்கு விலை. நிலம் கையகப்படுத்தி முடிக்காமல் ஒப்பந்தம் விடுவதும், வேலை நடக்கும்போது வரைபடத்தை மாற்றுவதும் அந்தச் செலவை இன்னும் ஊதிப் பெருக்கும்.

அடுத்தது நிலையத்தின் இடம். வட பிரான்சின் பிக்கார்டியில் 1994ல் திறந்த நிலையம் இரண்டு நகரங்களுக்கு நடுவே, வயல்வெளியில், வேறு எந்த ரயில் பாதையோடும் சேராமல் நிற்கிறது. மக்கள் அதற்குச் சர்க்கரைக்கிழங்கு நிலையம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நகருக்கு வெளியே நிலையம் கட்டினால் நிலச் செலவு மிச்சமாகும். ரயிலில் சேமித்த நேரம் நகருக்குள் போய்ச் சேரும் வழியில் தீர்ந்துவிடும்.

பயணிகள் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வதும் உண்டு. 2007ல் திறந்த தைவான் பாதையில் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. கடன் கழுத்தை நெரிக்க, 2015ல் நிதி அமைப்பையே மாற்றி எழுத வேண்டியிருந்தது. பாதை பின்னாளில் நிரம்பியது. ஆனால் கடனின் தவணை அதுவரை காத்திருப்பதில்லை.

சூழல் கணக்கும் இருக்கைகள் நிரம்புவதையே சார்ந்தது. ஒரு ரயில் கிலோமீட்டருக்குத் தோராயமாக 20 யூனிட் எடுத்து 350 பேரைச் சுமந்தால் ஆளுக்கு 0.06 யூனிட்டுக்கும் குறைவு. மின்சாரக் காரைவிடச் சிக்கனம், வேகமோ மூன்று மடங்கு. அதே ரயிலில் 70 பேர் இருந்தால் அந்தச் சாதகம் மறைந்துபோகும். சிமென்ட்டும் எஃகும் கட்டும்போதே வெளியிட்ட கரியமில வாயுவை ஈடுகட்டப் பல ஆண்டுக் கூட்டம் வேண்டும். சுரங்கம் அதிகமானால் அந்த ஆண்டுகளும் கூடும்.

கடைசியாக, இணைப்பு. சுவிட்சர்லாந்து இதில் தனி வழி போனது. முதலில் கால அட்டவணையை எழுதியது, பிறகு அதற்கு வேண்டிய பாதையைக் கட்டியது. 2004 டிசம்பரில் சூரிக்-பெர்ன் வழியில் 45 கி.மீ. புதிய பாதை திறந்தது. அதன் வேகம் 200 கி.மீ. மட்டுமே. பயண நேரம் 69 நிமிடத்திலிருந்து 56 ஆனது. ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டதால், ரயில்கள் இரு நகரங்களுக்கும் ஒவ்வொரு முழு மணிக்கும் சற்று முன் வந்து சேரும். பிற திசைகளின் ரயில்கள் சில நிமிடங்களில் அங்கிருந்து கிளம்பும். அந்த 13 நிமிடக் குறைப்பால், புதிய பாதையைக் கண்ணால்கூடப் பார்க்காத கிளைப் பாதைப் பயணிகளுக்கும் காத்திருப்பு குறைந்தது.